பாசி பிடிக்கும் கார்: மாரிஸ் மைனர் டிராவலர், ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறப்பார்கள், அப்புறம் கீழே குனிந்து துருவைத் தேடுவார்கள். மாரிஸ் மைனர் டிராவலர் வாங்கப் போகிறவர் நேராக வண்டியின் பின்பாதிக்குப் போவார். அங்கே பக்கவாட்டில் ஓடும் மரச்சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சட்டமும் தூணும் சேரும் மூட்டில் மரம் கறுத்திருந்தால் ஸ்குரூடிரைவர் முனையால் மெல்லக் குத்துவார். நல்ல மரம் 'டக்'கென்று தடுக்கும். இற்றுப்போன மரம் தண்ணீரில் ஊறிய ரஸ்க் மாதிரி வழிவிடும். கடைசியாக, பக்கக் கண்ணாடி நகரும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுவார். கொஞ்ச நாள் கவனிக்காமல் மழையில் நின்ற வண்டி என்றால் அங்கே பச்சைப் பசேலென்று பாசி இருக்கும்.

பாசி பிடிக்கும் காரை ஒருவர் ஏன் ஆசைப்பட்டு வாங்குகிறார்? வாங்கிய கையோடு அதற்கு வேறு எஞ்சின், வேறு கியர் பாக்ஸ், வேறு பிரேக் என்று ஏன் தேடி அலைகிறார்? பழைய ஸ்டேஷன் வேகன்கள்மேல், அதாவது கூரை பின்முனை வரை நீண்டு பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் ஏற்ற இடம் கொண்ட கார்கள்மேல், பல நாடுகளில் இருக்கும் பிரியத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வண்டியை எடுத்துக்கொண்டேன். அமெரிக்கப் பெருவண்டிகளும் ஸ்வீடனின் வால்வோக்களும் இருக்க இதை ஏன் எடுத்தேன் என்றால், மற்ற வேகன்களில் தகட்டுக்கு உள்ளே மறைந்து கிடக்கும் சங்கதி இதில் வெளியே தெரிகிறது.

வண்டி வந்த வழி

மாரிஸ் மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாளில் மினி காரை உருவாக்கியவர். முன்மாதிரி வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் அவருக்குத் தோன்றியது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பானட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நாலு அங்குலத்தின் தழும்பு. கம்பெனியை நிறுவிய நஃபீல்டு பிரபுவுக்கு வண்டியின் உருவம் பிடிக்கவே இல்லை, உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் 10 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் கார் அது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த முகம் புதிதில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே மைனரை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. அம்பாசடர் அதன் அண்ணன் முறையான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. டிராவலரை முன்னாலிருந்து பார்க்கும்போது 'இதை எங்கோ பார்த்திருக்கிறோமே' என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

பின்பாதிக்கு வேறு கதை. ஸ்டேஷன் வேகன் என்ற பெயர் அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் விடுதிக்குக் கொண்டுபோன வண்டிகளுக்கு வந்தது. பிரிட்டனில் பெரிய பண்ணை வீட்டுக்காரர்கள் வைத்திருந்ததால் எஸ்டேட் கார். இரண்டு நாட்டிலும் ஆரம்பத்தில் அவை தச்சர் வேலைதான். கார் கம்பெனி சேஸிஸைக் கொடுக்கும், தச்சுப் பட்டறை அதன்மேல் மரக்கூடு கட்டும். இரும்புத் தகட்டை அச்சில் அடித்து உடல் செய்வது மலிவானதும் அந்த வேலை மெல்லப் போனது. அமெரிக்காவில் உடலை மரமே தாங்கிய கடைசி வேகன்கள் 1953இன் பியூக் வண்டிகள். அதே 1953இல், அக்டோபரில், மாரிஸ் கம்பெனி மரக்கூட்டோடு டிராவலரை இறக்கியது. கடல் கடந்த ஒரு தேசத்தில் முடிந்துபோன வழக்கம் இங்கே பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் ஓடி, 1971 ஏப்ரலில்தான் நின்றது. சலூன் வகை மைனர் அதற்கு முன்பே, 1970 நவம்பரில், முடிந்துவிட்டது. டிராவலர் மட்டும் 2 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1960களின் முதல் பாதியில் ஒரு பகுதி வண்டிகள் எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாரான ஆபிங்டன் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டன.

மரம் செய்யும் வேலை

டிராவலரின் முன்பாதி சாதாரண இரண்டு கதவு மைனர். ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் இரும்பு உடல் நின்றுவிடுகிறது. தரைத் தகடு மட்டும் பின்வரை ஓடுகிறது. அதன்மேல் ஆஷ் மரத்தில் ஒரு கூடு: அடிச்சட்டம், தூண்கள், நடுச்சட்டம், மேல்சட்டம், சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் துண்டு. இடைவெளிகளை அலுமினியத் தகடு மூடுகிறது, மேலே அலுமினியக் கூரை. பின்னால் அலமாரிக் கதவு போல இரண்டாகத் திறக்கும் கதவுகள். அவற்றின் சட்டமும் மரம்தான்.

அமெரிக்கக் குடும்ப வேகன்களில் பார்க்கும் மரக்கோடுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை தகட்டின்மேல் ஒட்டிய வினைல் படலம், உரித்துப் போட்டாலும் கார் ஓடும். டிராவலரில் மரத்தை உருவினால் கூரைக்கும் கதவுக்கும் நிற்க இடமில்லை. ஆகவே பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில், நம் ஊர் எஃப்.சி. போன்றது அது, துருப்பிடித்த சேஸிஸுக்குச் சமமாக இற்றுப்போன மரத்துக்கும் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

ஆஷ் நம் ஊர்ப்பக்கம் வளரும் மரமில்லை, ஆனால் கிரிக்கெட் பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல ஸ்டம்புகள் ஆஷில்தான் செய்யப்படுகின்றன. மேலை நாடுகளில் கோடாலிப் பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் அதே மரம். அடி விழுந்தால் வாங்கிக்கொண்டு வளையும், சட்டென்று பிளக்காது. குண்டும் குழியுமான பாதையில் நெளிந்து கொடுக்க வேண்டிய கார்க்கூட்டுக்கு அது பொருத்தம். பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான மார்கன் இன்றும் தன் கார்களின் உடலுக்கு உள்ளே ஆஷ் சட்டம் வைப்பது இதனால்தான். அதற்கு ஒரு குறையும் உண்டு. தேக்கில் இருக்கும் இயற்கை எண்ணெய் ஆஷில் இல்லை, ஈரம் பட்டால் சீக்கிரம் மக்கும். மழை ஓயாத நாட்டில், வெட்டவெளியில் நிற்கும் காருக்கு அந்த மரத்தைப் போட்டார்கள். புதிதாக விற்ற வண்டி ஐம்பது அறுபது ஆண்டு நிற்கும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வண்டியின் சூட்சுமம் புரியும். பக்கக் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்கிறவை. அவை ஓடும் பள்ளத்தில் ஆடாமல் இருக்க மென்மயிர்ப் பட்டை வைத்திருக்கிறார்கள். அது மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பள்ளத்துக்கு வடிகால் உண்டு, தூசியும் பாசியும் அடைத்ததும் தண்ணீர் அங்கேயே தங்கும். பிறகு சட்டத்துக்குள் இறங்கும், தூண் வழியாக அடிச்சட்டத்துக்குப் போகும். மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுமுனைதான் அதிகம் குடிக்கும். தூண்களின் கீழ்முனைகள் எல்லாம் வெட்டுமுனைகள். மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மூட்டு உளுத்துக்கொண்டிருக்கும். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்து ஈரம் உள்ளே போய்விட்டால் அதே வார்னிஷ் ஈரத்தை வெளியே விடாமல் பூட்டிவைக்கும். அதனால்தான் இன்றைய உரிமையாளர்களில் பலர் கெட்டியான வார்னிஷை விட்டுவிட்டு, மரம் மூச்சுவிடும்படியான எண்ணெயும் சாயமும் பூசுகிறார்கள்.

மக்கிய மரத்தை மாற்றுவது ஒரு பருவம் முழுக்க இழுக்கும் வேலை. இயந்திரத்தில் அறுத்து, கழுந்தும் துளையும் எடுத்துத் தயாராகவே வரும் ஆஷ் துண்டுகள் பிரிட்டனில் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. அதை நினைத்து எளிது என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். பழைய கூட்டைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிரித்தபின் எந்த அளவை வைத்து நிறுத்துவது? அப்புறம் பசை போடாமல் முழுக்கூட்டையும் ஒருமுறை நிறுத்தி, கிளாம்ப் போட்டு, கூரையை மேலே வைத்து, பின்கதவுகளைப் பூட்டிப் பார்க்க வேண்டும். கதவுகள் இரண்டும் நடுவில் ஒழுங்காகச் சந்தித்தால் சரி. ஒரு பக்கம் தொங்கினால் எங்கோ ஒரு மூலை மட்டம் விட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, இழைத்து, மறுபடி நிறுத்த வேண்டும். அனுபவசாலிகள் இதை மூன்று நான்கு தடவை செய்வார்கள். பசை போட்டபின் திருத்தமே கிடையாது.

கார் பிரியர்கள் பெரும்பாலும் ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள். இந்த வண்டி அவர்கள் கையில் உளியைக் கொடுக்கிறது. மோட்டார் மெக்கானிக்கும் தச்சரும் ஒரே ஆளாக வேண்டியிருப்பதுதான் இதன் வசீகரம் என்று நான் நினைக்கிறேன். கோயில் தேரைப் பாருங்கள். அச்சு மாறும், சக்கரம் மாறும், உளுத்த பலகைகள் மாறும். ஊர்க்காரர் யாரிடமும் கேளுங்கள், 'எங்கள் தாத்தா காலத்துத் தேர்' என்றுதான் சொல்வார். மூன்றாம் முறை மரம் மாற்றிய டிராவலரின் சொந்தக்காரரும் அதே தொனியில்தான் பேசுகிறார். பொருள் மாறினாலும் அதற்குச் செய்த வேலை தொடர்ந்துகொண்டே வருகிறது, அந்தத் தொடர்ச்சியைத்தான் அவர் 'பழையது' என்கிறார்.

பின்சீட்டு

வேகன்களுக்கே உரிய இன்னொரு சங்கதி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்களைப் போர்வை போட்டு மூடி வைப்பார்கள். வேகனைச் சாகும்வரை வேலை வாங்குவார்கள். டிராவலரில் கால்நடைத் தீவனம் போனது, பெயின்ட் டின் போனது, நாய் போனது, பின்சீட்டை மடக்கினால் அலமாரியும் போனது. அப்படி உழைத்தவற்றில் மிஞ்சியது கொஞ்சம், அதனாலேயே மிஞ்சியதன்மேல் ஒட்டுதல் கூடுகிறது.

குழந்தையாக இருந்தபோது பின்னால் உட்கார்ந்து போனவர்கள்தான் பிற்பாடு இதைத் தேடி வாங்குகிறார்கள் என்பது பொதுவான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. நகர்த்தும் கண்ணாடியின் சின்னக் கொண்டி, கதவோரத் தூணிலிருந்து 'டொக்'கென்று வெளியே நீளும் சிக்னல் கை (1961 வரை வந்த வண்டிகளில் அது உண்டு), ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் எழும் 'புர்ர்' சத்தம், இவை காதிலும் விரலிலும் தங்கிவிடுகிறவை. ஆனால் நினைவு மட்டுமே காரணம் என்றால், இந்த வண்டி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த இளைஞர்கள் இதை ஏன் வாங்குகிறார்கள்? அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பழைய கார் மட்டுமில்லை, வாரக் கடைசியில் கூடாரமும் சைக்கிளும் ஏற்றிப் போகக் கூடிய பழைய கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக் கூடிய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் ஒருவர் மட்டும் அனுபவிப்பார். வேகன் என்றால் வீடே கூட வரும். பழைய கார் ஆசையைக் குடும்பம் சகித்துக்கொள்வதற்கும் கூடவே சேர்ந்துகொள்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கலிபோர்னியாவிலும் இதேதான் நடந்தது. மரவண்டிகளைப் பராமரிக்க முடியாமல் குடும்பங்கள் மலிவாகத் தள்ளிவிட்டபோது, அலைச்சறுக்கு இளைஞர்கள் வாங்கினார்கள். நீளப் பலகை உள்ளே போகும், ஈர உடையோடு உட்காரலாம், இரவில் படுத்துக்கொள்ளலாம். இன்று அதே வண்டிகள் ஏலக்கூடத்தில் நிற்கின்றன.

மாற்றங்களின் கணக்கு

மைனர் அறிமுகமானபோது பிரிட்டனில் மோட்டார்வே என்று சொல்லும் அதிவேகச் சாலை ஒன்று கூட இல்லை. முதல் துண்டு, பிரஸ்டன் புறவழிச்சாலை, 1958 டிசம்பரில் திறந்தது. எம்1 என்ற நெடுஞ்சாலை அதற்கு அடுத்த ஆண்டு. ஆக, இது வேலி ஓரக் கிராமத்துப் பாதைகளுக்கு நினைத்த வண்டி. 1956இல் வந்த 948 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைத் திறன், 1962இன் 1098 சிசி எஞ்சினுக்கு 48. நாலு கியர். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இப்போது பக்கத்தில் லாரிகள் மணிக்கு 90 கிலோமீட்டரில் உரசிக்கொண்டு போகும்போது இதில் குடும்பத்தை ஏற்றிப் போக வேண்டும்.

மாற்றங்களை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அலங்காரத்துக்காக மாற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சிறுபான்மை. அதிகம் பேர் செய்வது இன்னும் இருபது ஆண்டு தினமும் ஓட்டலாம் என்பதற்கான வேலை. மாரிஸ் மைனரின் எஞ்சின் ஏ சீரிஸ் குடும்பம். அதே குடும்பத்தில் பின்னால் எம்ஜி மிட்ஜெட்டிலும் மாரிஸ் மரினாவிலும் 1275 சிசி எஞ்சின் வந்தது. கிட்டத்தட்ட அதே இடத்தில் உட்காரும், அதனால் பானட்டுக்குக் கீழே பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அடுத்து ஃபோர்டின் டைப் 9 ஐந்து கியர் பாக்ஸ். அது சேர்ந்ததும் வேகச் சாலையில் எஞ்சின் கத்துவது நிற்கும், பேச முடியும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், பின்னால் நெம்புகோல் வகை டாம்பரை எடுத்துவிட்டு டெலஸ்கோப் வகை ஷாக் அப்சார்பர். மின்மோட்டார் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாற்றாமல் வைத்திருக்கும் பாகங்களும் உரிமையாளரை விடுவதில்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் மட்டம் பார்க்கக் கம்பளத்தை விலக்கி, மூடியைக் கழற்றி, டார்ச் அடிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் மூட்டு திருகு மரை போன்றது. கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து அழுத்தி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை விட வேண்டும். இதை மறந்துவிட்டால் மரை தேயும், தேய்ந்த மரை ஒரு நாள் விட்டுவிடும், சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி ரோட்டில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடப்பதால் உயிர் தப்புகிறது. புதிதாக வாங்குகிறவரிடம் பழையவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன் 'டிரன்னியனுக்கு கிரீஸ் வைத்தீர்களா' என்றுதான் கேட்பார்கள்.

சட்டமும் இந்தக் கணக்கில் நுழைகிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. கடந்த 30 ஆண்டுக்குள் வண்டியின் அடிப்படை மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே வகை எஞ்சினின் பெரிய சிசி வடிவம், பாதுகாப்புக்காகச் செய்த மேம்பாடு ஆகியவை அடிப்படை மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கொள்ளப்படும். 1275 எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் போட்டவர் நிம்மதியாக இருக்கலாம், வி8 எஞ்சின் திணித்தவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

சோதனை தேவையில்லை என்ற சலுகையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். மற்ற பழைய கார்களுக்கு எப்படியோ, எலும்பே மக்கக்கூடிய ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் ஸ்குரூடிரைவரோடு வந்து குத்திப் பார்ப்பது நல்லது. விவரமான உரிமையாளர்கள் பலர் கட்டாயம் இல்லாவிட்டாலும் தாமாகவே கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

இருந்தபடியே வைக்க வேண்டும் என்பவர்களுக்கும் மாற்றுகிறவர்களுக்கும் இடையில் வாக்குவாதம் ஓயாது. என் பார்வையில் எல்லைக்கோடு வேறு இடத்தில் இருக்கிறது. கழற்றிப் பழையதை மறுபடி மாட்ட முடிகிற எதுவும் தவறில்லை. பெரிய எஞ்சினுக்காக முன்தகடுகளை வெட்டி எறிவது அடுத்து வரப்போகிற சொந்தக்காரரின் உரிமையையும் சேர்த்து வெட்டுவது. இன்னும் மோசமான ஒன்று உண்டு. இற்றுப்போன மரத்தைக் குடைந்து, பட்டிபோட்டு நிரப்பி, மரநிறத்தில் பெயின்ட் அடித்து விற்பது. அதை மாற்றம் என்று சொல்லக் கூடாது, ஏமாற்று. விரல் நகத்தால் தட்டினால் மரத்தின் ஓசை வராது, பிளாஸ்டிக் போல மொட்டையாகக் கேட்கும்.

பாத் நகரமும் இலங்கையும்

இந்த வண்டி தப்பிப் பிழைத்ததில் ஒரு மனிதரின் பங்கு பெரிது. சார்லஸ் வேர் 1970களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மாரிஸ் மைனர் சென்டரைத் தொடங்கினார். அதற்கு முன் பழைய கட்டிடங்களை வாங்கிப் புதுப்பித்தவர். காரையும் வீட்டைப் போலப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். கூரை ஒழுகினால் வீட்டை இடிப்பதில்லை, ஓடு மாற்றுகிறோம். வருடா வருடம் கொஞ்சம் செலவழித்துப் பேணினால் ஒரே கார் பல பத்தாண்டுகள் ஓடும், ஒவ்வொரு முறையும் இன்னும் நல்ல பாகங்களைப் போட்டு அதைக் காலத்துக்கு ஏற்றபடி ஆக்கலாம். மாற்றங்களை வண்டிக்குச் செய்யும் துரோகமாகப் பார்க்காமல் பராமரிப்பின் ஒரு பகுதியாகப் பார்த்தவர் அவர்.

அதற்கு உதிரிபாகம் வேண்டுமே. 1990களில் அவர் கூட்டாக நின்று தொடங்கிய டியூரபிள் கார் கம்பெனி, மைனருக்கான உடற்தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் தயாரிக்க ஆரம்பித்தது. இலங்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. 1960கள் தொடங்கி 1977 வரை அங்கே கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஏற்கனவே இருந்த மாரிஸ், ஆஸ்டின் கார்களை விட்டால் வேறு வழியில்லை. கடையில் கிடைக்காத பாகத்தைப் பட்டறையில் அடித்துச் செய்யும் கை அந்தத் தீவில் ஒரு தலைமுறையாகப் பழகியிருந்தது. இங்கிலாந்தில் வடிவெடுத்த மட்கார்டு, இலங்கையில் பிறந்து இங்கிலாந்துக்கே கப்பலேறியது.

யாழ்ப்பாணத்தில் இதே கார்களுக்கு இன்னும் கடுமையான சோதனை வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெட்ரோல் தடை. புதிய கார்கள் முடங்கின. ஓடியவை ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் அங்கே 'மொறிஸ் மைனர்' என்று அழைக்கும் இதே வண்டியும். கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் அந்த முதல் சொட்டுகள் பொன்னுக்குச் சமம். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. புகை கக்கியது, பிளக் கரி பிடித்தது, ஆனாலும் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தக் கார்கள்மேல் யாழ்ப்பாணத்தவருக்கு இருக்கும் பிரியத்தைக் கார் ரசனை என்ற சொல்லுக்குள் அடைக்க முடியாது. பாத் நகரத்து மனிதர் வாதமாகச் சொன்னதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

எதிர்வழக்கு

என் விளக்கத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. பராமரிப்பு கேட்பதால்தான் பிரியம் பிறக்கிறது என்றால், கேட்காத வேகன்களை ஏன் நேசிக்கிறார்கள்? வால்வோ 240 எஸ்டேட் 1974 முதல் 1993 வரை வந்த வண்டி, அதைக் கொல்வதுதான் கஷ்டம் என்பார்கள். அமெரிக்காவில் பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட்டின் மரம் ஒட்டுப்படலம்தான். அதற்கும் பக்தர்கள் இருக்கிறார்கள்.

கூர்ந்து பார்த்தால் அங்கேயும் கை வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, வேறு இடத்தில். ரோட்மாஸ்டருக்கு 1994 முதல் 1996 வரை கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வழிவந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சின் கிடைத்தது, 260 குதிரைத் திறன். அதே அடித்தளத்தில் வந்த செவ்ரோலே காப்ரீஸ் போலீஸ் கார்களிலிருந்தும் இம்பாலா எஸ்எஸ்ஸிலிருந்தும் ஸ்பிரிங், பிரேக், சக்கரம் என்று கழற்றி மாட்டுகிறார்கள். அந்த எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் பம்புக்கு நேர் கீழே இருக்கிறது. பம்ப் கசிந்தால் இக்னிஷன் போகும். டிராவலர்காரருக்கு ஜன்னல் பள்ளம் எப்படியோ, ரோட்மாஸ்டர்காரருக்குத் தண்ணீர் பம்ப் அப்படி. வால்வோ 240இலோ, கெடாத வண்டிக்கு என்ன செய்வது என்று பின்னால் வந்த டர்போ எஞ்சினைத் தூக்கிப் போடுகிறார்கள். மூட்டை சுமக்கும் உடலோடு விரைந்து போவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. வால்வோவே 1994இல் தன் 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் கார் பந்தயத்தில் இறக்கி அந்த மகிழ்ச்சியை ஊரறியச் செய்தது.

ஆக என் கூற்றைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். வண்டி கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் கை படுவதற்கு ஒரு இடம் அதில் இருக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புகிறார். வேகன் அந்த இடத்தைத் தாராளமாகத் தருகிறது. புனிதமான பந்தயக் காரில் ஒரு திருகாணியை மாற்றினாலும் விலை இறங்கும். வேலைக்காரக் காரில் யாரும் அந்தக் கண்டிப்போடு வந்து நிற்பதில்லை. டிராவலர் மட்டும் அந்தக் கை வேலையை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்கிவிட்டது.

இப்போது கவலை மரத்தின்மேலேயே வந்திருக்கிறது. ஐரோப்பாவின் ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. பிரிட்டனில் அது 2012இல் உறுதியானது. இலைகள் கருகி, கிளை கிளையாக மேலிருந்து காய்ந்து இறங்குகிறது. எல்லா மரமும் சாவதில்லை, தாக்குப்பிடிப்பவற்றிலிருந்து விதை எடுத்து வளர்க்கும் முயற்சி நடக்கிறது. அந்தக் கன்றுகள் சட்டம் அறுக்கும் பருமனுக்கு வளரப் பல பத்தாண்டு ஆகும். இருக்கும் மரத்தை இருக்கும்வரை காப்பாற்றுவது தவிர இப்போதைக்கு வழியில்லை.

இலையுதிர் காலத்தின் கடைசி வெயில் நாட்களில் டிராவலர் உரிமையாளர்கள் செய்யும் வேலை இதுதான். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். பள்ளத்துப் பாசியைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்து, வடிகால் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைத் தள்ளுவார்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது மறுபக்கம் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். சொட்டினால், மரம் காயும்வரை காத்திருந்து, தூண்களின் வெட்டுமுனையில் முதலில் எண்ணெய் வைத்து, மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டு வருவார்கள்.